பத்து நிமிட உருளைக்கிழங்கு

மூன்றாவது மாடியில் ஒரு கணவர் சமைக்கிறாராம்.

இப்படி ஒரு வதந்தி அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா சமைப்பதில்லையாம். வேலை முடிந்து களைத்து வரும் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, துரும்பைக்கூட நகர்த்தக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, ஒற்றை ஆளாக அடுப்படிக்குள் நுழைந்து, பத்தே நிமிடத்தில் ஆவி பறக்கும் தட்டோடு வெளியே வருகிறாராம். இந்தச் செய்தி பரவியதிலிருந்து இரண்டாவது மாடிக் கணக்காளருக்குச் சாயங்காலத் தேநீர் நின்றுபோயிற்று. கீழ்த்தளத்துப் பல் டாக்டர் வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதைத் தொலைக்காட்சியைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். நான்காவது மாடியில் புதிதாகக் கல்யாணமான பையன், லிஃப்டில் மூன்றாவது மாடிக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியில் ஏறுகிறான்.

ஒரு வதந்தி இத்தனை குடும்பங்களின் வயிற்றில் கைவைக்கும்போது விசாரிக்காமல் விடலாமா? வாருங்கள், மூன்றாவது மாடிக்கே போய்ப் பார்த்துவிடுவோம். போகிற வழியில், நாம் பார்க்கப்போகும் உயிரினத்தைப் பற்றி நாலு வார்த்தை.

இதற்கு "நீ உட்காரு, நான் பாத்துக்கறேன்" இனம் என்று பெயர். உங்களுக்குப் பழக்கமான இனம்தான். நீங்கள் வீடு மாற்றும்போது, "நீங்க சும்மா நில்லுங்க" என்று ஓடிவந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை உங்களைப் பிடிக்கச் சொல்பவர் இந்த இனம். உங்கள் மின்விசிறியைத் தானே மாட்டித் தருவதாகச் சொல்லி ஏணியில் ஏறி நின்றுகொண்டு, ஸ்க்ரூ, டெஸ்டர், டார்ச், தண்ணீர் என்று உங்களை வீடு முழுக்க ஓடவிட்டு, கடைசியில் "பாத்தீங்களா, ஒரு ஆளே போதும்" என்று இறங்குபவர் இந்த இனம். பொய் சொல்கிறாரா என்றால் இல்லை. அவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவில்லை, அவ்வளவுதான். மனசு மட்டும் தங்கம். அதுதான் இதில் பெரிய தொல்லை. கெட்ட மனசுக்காரரிடம் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடலாம். தங்க மனசுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

இந்த இனத்தை அதன் முழு அழகோடு பார்க்கவேண்டுமானால் அடுப்படியில்தான் பார்க்கவேண்டும். முதலில் தோளில் ஒரு துண்டு. அடுத்தது சட்டைக்கையை மடித்துவிடுவது. ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கூட இவ்வளவு நேரம் மடிப்பதில்லை. பிறகு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். கை சுத்தமாகிவிட்டதல்லவா, இனி அவரால் எதையும் தொடமுடியாது! "அந்தக் கதவைக் கொஞ்சம் திற." "அந்தப் பையை உள்ள தள்ளு." "என் மூக்குக் கண்ணாடியை மேல ஏத்திவிடு." திறந்த அலமாரியை இந்த இனம் மூடியதாகச் சரித்திரம் இல்லை. கிளறிய கரண்டியை மறுபடி எடுத்ததாகவும் இல்லை. ஒவ்வொரு கிளறலுக்கும் ஒரு புதுக் கரண்டி.

இதோ, மூன்றாவது மாடி. நம் ஆள் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் தொலைபேசிப் பிரிவில் குழுத் தலைவர். பதினாறு வருடமாக, சோப்பு நுரை வீடு முழுக்கப் பரவி அலறுகிற ஜனங்களிடம், "கவலையே படாதீங்க, லைன்லயே இருங்க, பத்து நிமிஷத்துல ஆள் வந்துடுவாங்க" என்று தேன் தடவிய குரலில் சொல்லிவருகிறார். பத்து நிமிடத்தில் ஆள் வந்ததுண்டா என்று கேட்காதீர்கள். அது வேறு பிரிவு. இவருக்குக் குடியிருப்பில் "பத்து நிமிஷம்" என்றே பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மனைவி, உறைந்த உருளைக்கிழங்கு வறுவல் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தோல் சீவி, விரல் விரலாக வெட்டி, அரைப் பதம் பொரித்து, உறையவைத்துப் பாக்கெட்டில் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறார்களே, அந்த இடம். ஒன்பது வருடமாக ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் நின்று, கேமராக் கண்ணுள்ள மெஷினும் கோட்டைவிட்ட கறுப்புத் துண்டுகளைக் கையால் பொறுக்கி எறிவது அவள் வேலை. அரைமணிக்கு ஒருதரம் கொஞ்சம் பொரித்தெடுத்து, ஆறு நிறம் வரிசையாக அச்சிட்ட ஒரு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவள் வேலை. ஒன்றாம் நிறம் வெண்ணெய். மூன்றாம் நிறம் பொன். ஐந்தும் ஆறும் குப்பை.

ஆக, உருளைக்கிழங்கைப் பற்றி அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது தெரியுமென்றால் அது யாருக்கு? கேள்வியை இங்கேயே வைத்துவிட்டு மேலே போவோம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, காலில் ஒன்பது மணி நேர நிற்றலும் பையில் ஒரு கேள்வியும் இருந்தன. மத்தியானம் மேலாளர் அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, காலை ஷிப்டுக்கு லைன் இன்சார்ஜ் பதவியை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு பேருக்குத் தலைமை. பெல்ட்டை விட்டு விலகி நின்று, பெல்ட்டையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம். ஆனால் ஷிப்டு காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும்.

"திங்கட்கிழமைப் பட்டியலை இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒட்டணும்மா. அதுக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடு. சொல்லலைன்னா அடுத்த ஆளைப் போட்டுடுவேன்" என்றிருந்தார் மேலாளர் அம்மா.

நாலரைக்குக் கிளம்பினால் காலையில் வீட்டை யார் பார்ப்பது? மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். ஆறு மணிக்குச் சொட்டு மருந்து விடவேண்டும், ஏழுக்குச் சாப்பிடவைத்து மாத்திரை கொடுக்கவேண்டும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாக்கள் கட்டவேண்டும். தண்ணீர் மோட்டார் போடவேண்டும். போடுவதுகூடப் பரவாயில்லை, நிறுத்தவேண்டும். அதெல்லாம் போகட்டும், அவளுக்கே கொஞ்சம் உதறலாக இருந்தது. இருபத்திரண்டு பேரை அதட்ட முடியுமா? முடியும் என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும். புருஷனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும். இரண்டு மணி நேரம் இருக்கிறதே, பத்து நிமிடம் கிடைக்காதா?

கதவைத் திறந்தவர் தோளில் துண்டு இருந்தது.

"வா வா. முகமே சரியில்லையே! பேசாதே. ஒண்ணும் பேசாதே. உட்காரு. இன்னிக்கு உனக்கு ஒரு ஸ்பெஷல்."

"ஏங்க, இன்னிக்கு வேலையில ஒரு..."

"எல்லாம் அப்புறம். லோடட் ஃப்ரைஸ் சாப்பிட்டிருக்கியா? வீடியோவுல பாத்தேன். மனசு சோர்ந்திருக்கும்போது சாப்பிடவேண்டிய ஐட்டமாம். கிழங்கைப் பொரிக்கிறோம், மேல சீஸ், வெங்காயம், பீன்ஸ், முட்டை எல்லாத்தையும் அடுக்கறோம், முடிஞ்சது. பத்தே நிமிஷம். நீ உட்காரு, நான் பாத்துக்கறேன்."

நாள் முழுக்க உருளைக்கிழங்கு வறுவலையே பார்த்துவிட்டு வந்தவளுக்கு ஆறுதலாக உருளைக்கிழங்கு வறுவல்! களைத்து வீடு திரும்பிய பல் டாக்டருக்கு ஆறுதலாக வாயைத் திறந்து காட்டுவதுபோல என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை. தங்க மனசாயிற்றே.

ஹாலில் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். ஆபரேஷனுக்குப் பிறகு டிவி பார்க்கக்கூடாது என்பதால், வீட்டில் நடப்பதையே டிவியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, லோடுன்னு சொன்னியே, எவ்வளவு ஏத்தப்போறே?"

"அப்பா, அது கிழங்கு மேல..."

"எது மேல ஏத்தினாலும் சரி. அளவுக்கு மிஞ்சி ஏத்தினா அடியில இருக்கறது நசுங்கிடும். சொல்லிட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியின் சூடு உடம்பில் ஏறுவதற்குள் அடுப்படியிலிருந்து முதல் அழைப்பு வந்தது.

"இங்க கேளேன், தோல் சீவுறது எங்க இருக்கு?"

"ரெண்டாவது இழுப்பறை."

"எந்தப் பக்கத்திலிருந்து ரெண்டாவது?"

எழுந்து போனாள். எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு ட்ரிப்பு" என்றார் மாமனார், யாரிடமோ சொல்வதுபோல.

இரண்டாவது ட்ரிப்பு எண்ணெய்க்கு. மூன்றாவது, எண்ணெய் இருந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்த மாவு டப்பாவை நகர்த்த. நான்காவது, கழுவிய கை நீட்டியபடி நின்றவருடைய மூக்கைச் சொறிந்துவிட. ஐந்தாவது ட்ரிப்பில் ஒரு துணிச்சலான முயற்சி செய்தாள்.

"ஏங்க, எங்க மேலாளர் அம்மா இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு..."

"திட்டினாங்களா? விடு. அவங்க கிடக்கறாங்க."

"திட்டலை. எட்டு மணிக்குள்ள பதில்..."

"ஒரு நிமிஷம், அப்படியே இரு. வீடியோ ஓடுது." மாவு டப்பாவுக்குள் விட்டெடுத்த கட்டைவிரலால் போனைத் தட்டினார். திரையில் ஒரு பெண், சிரித்தபடியே கிழங்கை வெட்டினாள். வெட்டுகிற இடத்துக்கும் பொரிந்து வருகிற இடத்துக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை. "பாரு, எவ்வளவு சிம்பிள்!"

அவள் அப்படியே இருந்தாள். அடுப்பின்மேல் குக்கர் மூடி, தட்டு, கரண்டிகள். பின்னணியில் அவர் முனகும் ஏதோ பாட்டு. சட்டென்று அவளுக்குத் தன் நிலைமை புரிந்தது. அவளைக் காத்திருப்பில் போட்டிருக்கிறார்கள். பதினாறு வருடமாக எத்தனை வீட்டுப் பெண்கள் நுரைக்கு நடுவில் இப்படி நின்றிருப்பார்கள்? உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். லைனிலேயே இருங்கள்.

அடுத்த ட்ரிப்பில் அவள் போய் நின்றபோது, அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து உருளைக்கிழங்குப் பையை எடுத்தார்.

"இதை ஃப்ரிட்ஜுலயா வச்சீங்க?"

"செவ்வாய்க்கிழமையே வாங்கி வச்சுட்டேன். ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்னு."

குளிரில் வைத்த கிழங்குக்குள் சர்க்கரை ஊறும். எண்ணெயில் விழுந்ததும் வெளியே கறுக்கும், உள்ளே வேகாது. அவள் தொழிற்சாலையில் குளிர் அதிகமான லாரியின் கிழங்கை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். லாரிக்காரர் காலில் விழுந்தாலும் இறக்கவிடமாட்டார்கள்.

"ஏங்க, இந்தக் கிழங்கு பொரிக்க ஆகாது. கறுத்துடும்."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அது உங்க பாக்கெட் சரக்குக்கு. அட்டை மாதிரி இருக்குமே, அதுக்கு. இது வீட்டுக் கிழங்கு. வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதேன்னு எத்தனை தடவை சொல்றேன்? உட்காரு, நான் பாத்துக்கறேன்."

ஒன்பது வருட அனுபவம் போய் நாற்காலியில் உட்கார்ந்தது.

"ஆறு" என்றார் மாமனார்.

கடிகாரத்தில் ஏழு அடிக்க இரண்டு நிமிடம். பத்து நிமிடச் சமையல் தொடங்கி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. வெட்டிய துண்டுகள் சில விரல் அளவும், சில கட்டைவிரல் அளவும், ஒன்று செருப்பு அளவும் இருந்தன. தண்ணீரில் ஊறியதை வடிகட்டி அப்படியே எண்ணெயில் போடப்போனவரை, "துடைங்க! துடைங்க!" என்று அவள் ஹாலிலிருந்தே கத்தினாள். அவர் பாதிதான் துடைத்தார். மீதிப் பாதியை எண்ணெய் துடைத்தது. படபடவென்று வெடித்த வெடிப்பில் மாமனார் கறுப்புக் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டயர் போச்சா?" என்றார்.

தரையில் தெறித்த எண்ணெயைத் துடைத்தது யார்? ஏழாவது ட்ரிப்பு.

இதற்குள் சீஸ் இல்லை என்பது தெரியவந்தது. லோடட் ஃப்ரைஸில் சீஸ்தான் லோடு. அது இல்லாமல் எப்படி?

"எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கும். என் கையெல்லாம் மாவு. நீ ஒரு எட்டுப் போயிட்டு வந்துடேன். போனதும் வந்ததும் தெரியாது."

எதிர்வீட்டு அக்கா தையல்காரி. வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுத் துணி தைப்பவள். கதவைத் திறந்து, எண்ணெய்த் துணியோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ நாற்காலியில உட்கார்ந்திருக்கறதா இல்ல கேள்விப்பட்டேன்?"

"உட்கார்ந்துட்டுதான் அக்கா இருந்தேன். நடுவுல எழுந்தேன்."

"குடுத்து வச்சவம்மா நீ. என் வீட்டு மனுஷன் தண்ணி மொண்டு குடிச்சதில்லை. சீஸா? இரு." உள்ளே போய் அரைக் கட்டி சீஸைக் கொண்டுவந்து கையில் வைத்தவள், அதை உடனே விடவில்லை. "காலையில திருப்பிடு, என்ன? பையன் டப்பாவுக்கு வேணும். சீஸ் இல்லாட்டி மூடிகூடத் திறக்கமாட்டான்... ஆமா, ஏன் உன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி, வாசற்படியில் அரை நிமிடத்தில் வந்து விழுந்தது.

"இன்சார்ஜ் வேலை குடுக்கறாங்க அக்கா. காலையில நாலரைக்குப் போகணும். எட்டு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"அடியம்மா! உனக்கு ஆசையா இருக்கா?"

ஆசையா? அதை யோசிக்கவே அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"கிடைச்சுதா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சீக்கிரம் வா, இது ஒரு மாதிரி நிறம் மாறுது!"

அவள் ஓடினாள். வாணலியில் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. பார்த்த முதல் பார்வையிலேயே அட்டையின் நிறங்கள் அவள் கண்ணில் வரிசையாக நின்றன. நாலு. ஐந்து. இதோ, ஆறு. அவளை அறியாமலே கை நீண்டு, வடிதட்டில் இருந்த கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக எறிய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பெல்ட்டில் பொறுக்குகிற அதே வேகம்.

"என்ன பண்றே?" அவர் பதறினார். "அதுதான் மொறுமொறுன்னு இருக்கும்! எல்லாத்தையும் எறிஞ்சா என்ன மிஞ்சும்?"

நல்ல கேள்வி. அவள் வேலையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

சீஸைத் துருவும் பொறுப்பு மாமனார் மடிக்குப் போனது. "கண்ணு தெரியாதவன் கையில கத்தியைக் குடுக்கறான்" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே துருவினார். வெங்காயம் வெட்டும் பொறுப்பு யாருக்குப் போயிற்று என்று சொல்லவேண்டியதில்லை. "ரெண்டே வெங்காயம், நீ உட்கார்ந்துகிட்டே வெட்டலாம்" என்று நாற்காலிக்கே தட்டும் கத்தியும் வந்தன. உட்காரச் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார் அல்லவா? வெங்காயம் வெட்டினால் கண்ணில் தண்ணீர் வரும். அது அவளுக்கு அன்று சௌகரியமாகவே இருந்தது.

ஏழு ஐம்பத்திரண்டுக்குத் தட்டு வந்தது.

அடியில் கிழங்கு. அதன்மேல் பீன்ஸ். பீன்ஸின்மேல் வெங்காயம். வெங்காயத்தின்மேல் சிவப்புச் சாஸ், வெள்ளைச் சாஸ். எல்லாவற்றின்மேலும் பனிபெய்ததுபோல் எதிர்வீட்டுச் சீஸ். உச்சியில் ஒரு முட்டை, குப்புற. மாமனார் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு, "தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருக்கலாம்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "ஏங்க. இப்பவாவது கேளுங்க. எட்டு மணிக்குள்ள நான்..."

"தொடாதே! போட்டோ!"

மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, ஜன்னல் பக்கம் வைத்து ஒன்று. "நீ தட்டுக்குப் பின்னால சிரிச்சபடி உட்காரு. அப்படியில்லை, சாஞ்சு. ஓய்வா இருக்கற மாதிரி." அவள் ஓய்வாக இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள். படத்தின் ஓரத்தில் அலமாரிக் கதவுகள் ஐந்தும், கழுவாத கரண்டிகள் பதினொன்றும், மாமனார் மடியில் துருவியும் தெரிந்ததால் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: "களைத்து வந்த இல்லத்தரசிக்கு என் கைவண்ணம். தனி ஆள். பத்தே நிமிடம்!"

ஆக, வதந்தியின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைதோறும், இதே கட்டைவிரலிலிருந்துதான் அது புறப்படுகிறது. போன வாரம் பாஸ்தா. அதற்கு முந்தின வாரம் சூப். கீழ்த்தளத்துப் பல் டாக்டர் இந்நேரம் படத்தைப் பார்த்திருப்பார், பாவம்.

ஏழு ஐம்பத்தாறு.

"சாப்பிடு, சாப்பிடு. சூடு போயிடும். பேச்செல்லாம் அப்புறம்."

அவள் முட்டையை விலக்கி, சீஸைக் கிளறி, அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். வெளியே கரி. உள்ளே பச்சைக் கிழங்கு, நறுக்கென்று. ஃப்ரிட்ஜில் நாலு நாள் இருந்த இனிப்பு. அவர் முன்னால் வந்து குனிந்து நின்றார். கண்ணில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. நெற்றியில் மாவு. கையில் எண்ணெய் தெறித்த இரண்டு சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதி கரைந்துபோயிற்று. மீதிப் பாதியை அவள் கரையவிடவில்லை, அது தேவைப்பட்டது.

"எப்படி?"

"நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள். போனை எடுத்தாள்.

"மேடம், நான்தான். ஆமா மேடம். ஒத்துக்கறேன். திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு லைன்ல இருப்பேன்... வீட்டுலயா? வீட்டுல ஒரு பிரச்னையும் இல்லை மேடம். நீ உட்காரு, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு அவரே சொல்லிட்டார். ஒரு தடவை இல்லை மேடம்." மாமனார் பக்கம் திரும்பினாள். "எத்தனை மாமா?"

"பதினாலு" என்றார் மாமனார். "போட்டோவுக்கு எழுந்து உட்கார்ந்ததைச் சேர்க்கலை."

"பதினாலு தடவை சொன்னார் மேடம். இன்னிக்குச் சாயங்காலம் மட்டும்."

போனை வைத்தாள். கடிகாரம் எட்டு அடித்தது. நம் பத்து நிமிஷத்தின் முகத்தில், புகார் தொலைபேசியில் பதினாறு வருடத்தில் முதல்முறையாக வாடிக்கையாளரே லைனைத் துண்டித்துவிட்ட திகைப்பு.

"எதை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்?"

அவள் சொன்னாள். நாலரை மணி. சொட்டு மருந்து. இடது கண்ணுக்கு இரண்டு சொட்டு, வலதுக்குக் கிடையாது. ஏழு மணிச் சாப்பாடு, மாத்திரை. டப்பாக்கள். மோட்டாரை நிறுத்துவது. "எல்லாம் சிம்பிள்தாங்க. பத்தே நிமிஷம்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாவு நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார், மென்றார், மெல்லுவதை நிறுத்தினார்.

"உள்ள வேகலை."

"வேகாது."

அவர் சீஸை ஒதுக்கி, அடியில் கிடந்த கறுப்புத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, "அந்த இன்சார்ஜ் வேலை... உனக்கு ஆசையா இருக்கா?" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. அது அவளுக்கு 'ஒத்துக்கறேன்' என்று சொன்ன அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் கேட்டவுடன் சொல்லிவிடவேண்டுமா என்ன? அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்களை நீட்டி, ஒன்பது மணி நேர நிற்றலை முதல்முறையாக இறக்கிவைத்தாள்.

"ஒரு பத்து நிமிஷம் இருங்க. சொல்றேன்."

பிறகு நடந்ததையும் விசாரித்துவிட்டோம். திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடியில் மோட்டார் நிறுத்தப்படாமல், இரண்டாவது மாடிக் கணக்காளரின் பால்கனிக்கு வந்த தண்ணீர் அவரிடம் நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தது. செவ்வாய்க்கிழமை சொட்டு மருந்து வலது கண்ணுக்குப் போகப் பார்த்து, மாமனார் லாரி ஓட்டிய காலத்து வார்த்தை ஒன்றைச் சொல்லித் தடுத்துக்கொண்டார். புதன்கிழமை ஒன்றும் கெடவில்லை. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அந்த மனிதர் நிஜமாகவே தனி ஆளாக அடுப்படியில் நிற்கிறார்; அலமாரிக் கதவுகளைக்கூட மூடுகிறார் என்று கேள்வி. மூடாவிட்டால் தலையில் இடிக்கிறதே. கூப்பிடலாமென்றால் கூப்பிட்டதும் எழுந்து ஓடிவர வீட்டில் ஆளில்லை. அவள் அந்நேரம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு விரலை உயர்த்தி, இருபத்திரண்டு பேர் முன்னால் மொத்த லைனையும் நிறுத்திக்கொண்டிருப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சமைப்பதாக இப்போது குடியிருப்பில் எந்த வதந்தியும் இல்லை. போட்டோ எடுக்க நேரமில்லையாம்.

இனி நீங்கள். இவ்வளவு நேரமும் "அப்படியே நம்ம மச்சான்", "அப்படியே எங்க வீட்டு மனுஷன்" என்று யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? நல்லது. இந்த இனத்தில் பெண்களும் உண்டு, மாமியார்களும் உண்டு, விருந்தாளியை உட்காரவைத்துவிட்டுப் பட்டாணி உரிக்கச் சொல்லும் உத்தமர்களும் உண்டு. கடைசியாக நீங்கள் யாரையாவது "உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று உட்காரவைத்தீர்களே, அவர் எத்தனை தடவை எழுந்தார்? தெரியாதா? எண்ணவில்லையா? அந்த இனத்துக்கு எண்ணிப் பழக்கம் கிடையாது. வீட்டில் யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

நிற்க. எதிர்வீட்டு அக்காவின் அரைக் கட்டி சீஸ் இன்னும் திரும்பவில்லை. அக்காவின் பையன் ஒரு நாள் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தானாம். நேற்றும் வாசலில் கேட்டிருக்கிறாள்.

"இதோ அக்கா, நீங்க ஏன் நிக்கறீங்க, போய் உட்காருங்க. பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வந்துடறேன்" என்றாராம் நம் பத்து நிமிஷம்.

அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.